இருபத்து நாலு ஓரா

நவம்பர் 5, செவ்வாய்

மழை. துவைத்த துணி மூன்று நாளாகக் காயவில்லை. ஈரச் சுடிதார் நாற்றத்தோடுதான் ஆபீஸ் போனேன். யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை, எங்கள் மீன் ஆராய்ச்சி ஆபீசில் மீன் நாற்றத்தைத் தாண்டி வேறு நாற்றம் எடுபடாது.

ஐஸ் கம்பெனிக்காரர் கொடுத்த தேதி போடாத டைரி சும்மா கிடக்கிறது. எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கிளமென்ட்டிடம் போனில் எதைச் சொன்னாலும் "உம்" கொட்டுகிறார். டைரி அதுகூடக் கொட்டாது. பரவாயில்லை, எதிர்த்தும் பேசாது.

ஏப்ரலில் தூத்துக்குடியிலிருந்து இங்கே மண்டபத்துக்கு மாற்றினார்கள். புருஷன் கிளமென்ட்டும் பன்னிரண்டு வயசு மகள் டெல்சியும் அங்கே, நான் இங்கே குவார்ட்டர்ஸில் ஒற்றையில். ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் மார்ச்சில் திருப்பி அனுப்புகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். பெயரில் ஒரு புள்ளி கறை இருக்கக் கூடாதாம். எனக்கு என்ன கறை வரப்போகிறது.

வேலை சுலபம்தான். இந்த ஊருக்கு வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். நடுவில் நிலம் ஒரு பாய் விரித்த அகலம். வடகடல் ஆழமில்லாத கலங்கல் கடல், மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் விழுந்து உப்பு குறைந்துவிடும். தென்கடல் ஆழம், தெளிவு, உப்பு பெரிதாக மாறாது. இரண்டிலும் ஓரா மீன் இருக்கிறது. கண்ணுக்கு ஒரே மீன். அதே புள்ளி, அதே முயல் வாய், முதுகில் அதே விஷ முள். ஆனால் தலைமுறை தலைமுறையாக அவங்கவங்க தண்ணிக்குப் பழகி, உள்ளே ஜீனில் வேறு வேறாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். அதுதான் இளங்குமரன் சாரின் ப்ராஜெக்ட். மீனின் துடுப்பு நுனியை வெட்டி, ஸ்பிரிட் ஊற்றின குப்பியில் போட்டு, எந்தக் கடல் என்று லேபிள் ஒட்டி, அதிலிருந்து டி.என்.ஏ. பிரித்துச் சென்னை லேபுக்கு அனுப்புவது நான்.

சார் நல்லவர். ஒன்றும் புரியாவிட்டால் "இன்ட்ரஸ்டிங்" என்பார். ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்கிறார்.

நவம்பர் 8, வெள்ளி

சந்தியாகு அண்ணன் இன்றைக்கும் கேட்டார், "மேடம், அந்த பாரம் போயிருச்சா?"

கரைக்குப் போய் மீன் எடுத்துத் தருகிறவர் அவர்தான். முன்னே படகில் போனவர், வலை இழுக்கிற விஞ்ச் கயிறு அறுந்து முட்டியில் அடித்ததிலிருந்து கடலுக்குப் போக முடியவில்லை. பதினொரு வருஷமாக இங்கே தினக்கூலி. இந்த வருஷம்தான் மூன்று வருஷக் கான்ட்ராக்டில் போடுவதாக சார் ஒத்துக்கொண்டிருக்கிறார். பிப்ரவரி கடைசிக்குள் பாரத்தில் சார் கையெழுத்துப் போட்டுத் தலைமை ஆபீசுக்கு அனுப்பவேண்டும். தாண்டினால் தினக்கூலி ஆட்களையே எடுத்துவிடுவார்களாம், புது உத்தரவு.

"நான் ஞாபகப்படுத்துறேண்ணே" என்றேன். பத்தாவது தடவையாக.

நவம்பர் 14, வியாழன்

ஓரா முள் குத்திவிட்டது. வலது கை வீங்கி பன் மாதிரி இருக்கு. இடது கையால் எழுதுகிறேன். உயிர் போகிற வலி. 24 குப்பி லேபிளும் இப்படியே கிறுக்கி ஒட்டினேன். வடக்கு. ச.அண்ணன் என்னமோ சொல்லிக்கொண்டே வந்தார். சும்மா இருங்கண்ணே என்று கத்திவிட்டேன்.

நவம்பர் 18, திங்கள்

இன்றைக்குத்தான் பேனா பிடிக்க முடிகிறது.

அன்று வடக்குத் துறை ஏலத்துக்கு நானும் போயிருந்தேன். ஒரு குட்டியானை வண்டியில் ஓரா வந்து இறங்கியது. வடக்குக் கரை வலைஞர்வாடிப் பையன்களின் படகு மீன். நானாகக் கையை விட்டேன், உள்ளங்கையில் ஏறிவிட்டது. பிரசவத்தில்கூட நான் அப்படிக் கத்தவில்லை. சந்தியாகு அண்ணன் டீக்கடைக்கு நொண்டிக்கொண்டே ஓடி, பாய்லரிலிருந்து சுடுதண்ணீரை வாளியில் பிடித்து வந்து என் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். "எடுக்காத தங்கச்சி, சூடு ஏறினாத்தான் விஷம் இறங்கும். எடுக்காத தாயி." முழுசாக ஒரு மணி நேரம் வாளி பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தார், அந்த முட்டியோடு.

அவரிடம் போய்க் கத்தினேனே என்று இருக்கிறது. வலியில் வாய் என் பேச்சைக் கேட்பதில்லை. வலி இல்லாதபோதும் பெரிதாகக் கேட்பதில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று போனால் அவர், "கை எப்படி இருக்கு தங்கச்சி" என்றார். கேட்க வேண்டியதைக் கேட்காமல் வந்துவிட்டேன்.

நவம்பர் 27, புதன்

காற்று பேய்க் காற்று. ஜன்னல் கொக்கி பிய்ந்துவிட்டது, கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தேன். வடக்குக் கரையில் ஒரு படகு இல்லை, வெறிச்சோடிக் கிடக்கிறது. தெற்கே கால் வைக்க இடமில்லாமல் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. ஏதோ கொடியேற்றமா என்னமோ. யாரையாவது கேட்கவேண்டும் என்று நினைத்தேன், மறந்துவிட்டேன்.

டிசம்பர் 9, திங்கள்

நூற்று எண்பது குப்பியிலிருந்தும் டி.என்.ஏ. பிரித்துச் சென்னைக்கு அனுப்பியாகிவிட்டது. தலை முழுகினேன்.

டிசம்பர் 27, வெள்ளி

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போய் வந்தேன்.

டெல்சி வளர்ந்துவிட்டாள். வளர்ந்தது இல்லை விஷயம். காலையில் தானே எழுந்து, தானே சடை போட்டு, அப்பாவுக்கும் சேர்த்து டீ போடுகிறாள். நான் சடை போட வந்தால், "விடும்மா, உனக்கு என் வகிடு எங்கன்னு தெரியாது" என்கிறாள். எட்டு மாதம். எட்டே மாதத்தில் நான் இல்லாத வீட்டுக்குப் பழகிவிட்டாள். பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன்.

மார்ச். மார்ச் வரைக்கும்தான்.

ஜனவரி 20, திங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை.

படத்தில் ஒவ்வொரு மீனும் ஒரு புள்ளி. வடகடல் மீனுக்கு நீலம், தென்கடல் மீனுக்குச் சிவப்பு. நீலம் எல்லாம் இடது பக்கம் ஒரு கூட்டமாக, சிவப்பு எல்லாம் வலது பக்கம் ஒரு கூட்டமாக அழகாகப் பிரிந்து நிற்கின்றன. செவுளில் உப்பைச் சமாளிக்கிற ஜீன்களில்தான் வித்தியாசம் பளிச்சென்று இருக்கிறது. ஆக சார் சொன்னது சரி, இரண்டு தண்ணீரும் இரண்டு விதமான மீனைச் செய்து வைத்திருக்கின்றன. ஆனால் சிவப்புக் கூட்டத்துக்கு நட்டநடுவில் இருபத்து நாலு நீலம். ஓரத்தில் ஒட்டிக்கொண்டு இல்லை, சொந்த வீடு மாதிரி நடுவில்.

வடகடலில் பிடித்த மீனுக்குத் தென்கடல் ஜீன் எப்படி வரும்? இருமுறை ஃபைலைத் திறந்து பார்த்தேன். மூன்றாவது முறை கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டுத் திறந்தேன், அதனால் என்ன ஆகும் என்று நினைத்தேனோ.

ஜனவரி 22, புதன்

சாருக்குத் தலைகால் புரியவில்லை, சந்தோஷத்தில். "பிரிசில்லா, மழைக்காலத்துல வடகடல்ல உப்பு குறையுது. அப்போ தென்கடல் மீனு பாம்பன் கால்வாய் வழியா இங்க வருது. ஏன் வருது? இதுதான் கேள்வி. இது பெரிய விஷயம்." பெரிய விஷயம் என்று அவர் சொன்னபோது ஒரு தடவைகூட இன்ட்ரஸ்டிங் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

உப்புத் தண்ணீருக்குப் பழகின மீன் உப்பு குறைந்த இடத்துக்கு எதற்காகத் தேடிப் போகும்? நான் கேட்டேன். "அதான் புதிர்" என்றார். புதிர்தான். நானும் குழம்பிக் குழம்பிப் பார்க்கிறேன். மீன் வழி தவறி வந்திருக்கலாம். சென்னை லேபில் குப்பியை மாற்றியிருக்கலாம். இல்லாவிட்டால் சந்தியாகு அண்ணன் துறைக்குப் போகாமல் மார்க்கெட்டில் வாங்கி வந்து கொடுத்திருக்கலாம். கடைசியாக எழுதினதை அடிக்கலாம் என்று பார்த்தேன். அடிக்கவில்லை. ஒருவேளை அப்படியும் இருக்கலாமே.

ஜனவரி 29, புதன்

சென்னை லேப் அம்மா போனில் கேட்டாராம், "சார், அந்த இருபத்து நாலு மீனும் ஒரே நாள்ல, ஒரே துறையில எடுத்ததா இருக்கே. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒண்ணுகூட இல்லையே. பாம்பனைத் தாண்டுற மீனு ஒரே நாள் மட்டுமா தாண்டும்?"

சார் போனை வைத்தபிறகு வெகுநேரம் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். மத்தியானம் சாப்பிட வரவில்லை.

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. வேறு வேலை இருந்தது. ஃப்ரீசரில் ஐஸ் கட்டிப்போய் அதைச் சுரண்டவேண்டியிருந்தது.

பிப்ரவரி 3, திங்கள்

சார் ஃப்ரீசரைத் திறந்து நவம்பர் 14 பெட்டியை எடுத்தார். இருபத்து நாலு குப்பியையும் வரிசையாக மேஜையில் நிறுத்தினார். நானும் சந்தியாகு அண்ணனும் எதிரே நின்றோம்.

லேபிளில் எழுத்து கோணல்மாணலாக இருந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதினது மாதிரி. சார் ஒன்றை எடுத்துக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், அப்புறம் சந்தியாகு அண்ணனைப் பார்த்தார்.

"எழுதத் தெரியாதவரை யார் லேபிள் எழுதச் சொன்னது? மீனை எங்க வாங்குனீங்க, எதை எதுல ஒட்டுனீங்க? மூணு வருஷ ப்ராஜெக்ட் சந்தியாகு இது. என் மானமே போயிருக்கும்."

சந்தியாகு அண்ணன் குப்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாக எல்லாம் பார்க்கவில்லை. பஸ் வருமா என்று பார்க்கிற மாதிரி பார்த்தார், அவ்வளவுதான். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டார்.

சார், "போங்க" என்றார். அவர் போய்விட்டார்.

நான் குப்பிகளை எடுத்து ஃப்ரீசரில் வைத்தேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

நான் பொய் சொல்லவில்லை. சார் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். லேபிளை யார் எழுதினால் என்ன, அதில் இருப்பது சரியா தப்பா என்பதுதானே விஷயம். நான் வடக்குத் துறையில் நின்று எடுத்தேன், வடக்கு என்று எழுதினேன். அதில் என்ன தப்பு? நான் அங்கேதான் நின்றேன். என் கையில் இன்னும் வடு இருக்கிறது.

அப்படியானால் மீன் எப்படித் தப்பாகும்? அதுதான் எனக்கு விளங்கவில்லை.

சாம்பாரில் உப்பு இரண்டு தடவை போட்டிருக்கிறேன். கீழே கொட்டினேன்.

பிப்ரவரி 6, வியாழன்

சந்தியாகு அண்ணன் மூன்று நாளாக என்னிடம் பாரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "மேடம், பெட்டி இங்க இருக்கு" என்று வைத்துவிட்டுப் போகிறார். மேடம். நவம்பரிலிருந்து தங்கச்சி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தாங்க முடியவில்லை. சாயங்காலம் தெற்குக் கரைக்கே போய்விட்டேன். கவிழ்த்துப் போட்ட படகு ஒன்றின்மேல் உட்கார்ந்து வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அன்னைக்கு அந்த மீனு எங்கண்ணே பிடிச்சது?"

"தெக்கால."

"வடக்குத் துறையிலதானே வண்டியில வந்து இறங்குச்சு? வலைஞர்வாடிப் படகுதானே?"

நிமிர்ந்து பார்த்தார். விளையாடுகிறேனா என்று பார்த்திருப்பார் போல. "வாடைக்காத்து தொடங்கிருச்சுன்னா வடக்கால ஒரு படகு நிக்க முடியுமா மேடம்? அடிச்சு நொறுக்கிப்புடும். ஐப்பசி பாதியிலயே அத்தனை படகையும் இங்கிட்டு கொண்டாந்து கட்டிருவாங்க. பங்குனியிலதான் திரும்பப் போவாங்க. தொழில் இங்க, ஏலம் மட்டும் அங்க. எங்க வியாபாரி பூராம் வடக்கதான இருக்கான், வண்டியில ஏத்தி விட்ருவாங்க. இது பச்சப்புள்ளைக்கும் தெரியுமே."

எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் ஒரே கடல். கிழக்கே பார்த்தால் கடல், மேற்கே பார்த்தால் ஊர். கடலை மாற்றிக் கட்டுகிற கதையெல்லாம் நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. அந்த நவம்பரில் மொட்டை மாடியில் நின்று பார்த்தேனே, கொடியேற்றமாக்கும் என்று.

"மத்த நாளெல்லாம் சரியா இருந்துச்சேண்ணே?"

"மத்த நாள் நான்தான மேடம் எடுத்துட்டு வருவேன். இது தெக்கால, இது வடக்காலன்னு சொல்லிச் சொல்லிக் குடுப்பேன். வடக்கு மீனு வேணும்னு அங்க கரையில நின்னே இழுக்குற கரைவலைக்காரன்கிட்ட தனியாச் சொல்லி வச்சு வாங்குவேன். அன்னைக்கு நீங்களே வந்தீங்க." முடிச்சை இறுக்கினார். "சொல்லத்தான் வந்தேன். சும்மா இருங்கண்ணேன்னீங்க. சும்மா இருந்தேன்."

கீழே உருண்டு கிடந்த நூல்கண்டை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன்.

"திங்கக்கிழமையும் சும்மாதான் இருந்தேன்" என்றார். "நீங்க சொல்லுவீங்கன்னு."

பிப்ரவரி 7, வெள்ளி

கிளமென்ட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை "உம்" கொட்டவில்லை.

"ட்ரான்ஸ்ஃபர் லிஸ்ட்ல உன் பேர் இருக்கு பிரிசி. மெமோ வந்துச்சுன்னா முதல்ல அடிக்கிறது அதைத்தான். அந்தாளு தினக்கூலிதானே, வேற எங்கயாவது பார்த்துக்குவாரு."

"நொண்டிக் காலோட எங்க பார்ப்பாரு? மனுசனா நீங்க?" என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

அவரைத் திட்டி என்ன செய்ய. திங்கட்கிழமையிலிருந்து நான் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அவர் வாய்விட்டுச் சொன்னார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பிரசங்கம் காதில் ஏறவில்லை. ஃபேனை எண்ணினேன், பதினாலு.

பிப்ரவரி 10, திங்கள்

காலையில் யாரும் வருவதற்கு முன்னால் ஃபைலைத் திறந்து அந்த இருபத்து நாலையும் தென்கடல் என்று மாற்றிப் பார்த்தேன். நீலம் சிவப்பானது. வலது பக்கக் கூட்டத்தில் ஒரு புள்ளி பிசகவில்லை. மீன் தப்பே சொல்லவில்லை. நாம் என்ன எழுதி ஒட்டினாலும் அதற்கு எந்தத் தண்ணீர் என்பது அதன் செவுளிலேயே இருந்திருக்கிறது.

சாரிடம் பாதியைச் சொன்னேன். முழுசும் சொல்லத்தான் போனேன், வாயில் பாதிதான் வந்தது. "சார், வாடைக்காலத்துல படகையெல்லாம் தெற்கே மாத்திடுவாங்களாம். ஏலம் மட்டும்தான் வடக்கே. அந்த மீன் தென்கடல் மீன் சார்."

சார் நாற்காலியில் சாய்ந்தார். "இது சந்தியாகுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா வடக்குன்னு எழுதினார்?"

என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அவர் தலையில் போட்டேன். இதுவரை அவர் எழுதத் தெரியாத ஆள். இப்போது தெரிந்தே ஏமாற்றின ஆள். சார் டிராயரைத் திறந்து அந்தப் பாரத்தை எடுத்தார், பென்சிலால் ஓரத்தில் "வேண்டாம்" என்று எழுதினார். பென்சில்தான். நாளைக்குப் பேனாவாகிவிடும்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், "டீ சொல்லட்டுமா சார்" என்று வந்தது. நான் என்ன பிறவியோ.

பிப்ரவரி 11, செவ்வாய்

லீவு போட்டேன். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. டைரியை முதலிலிருந்து வாசித்தேன். நவம்பர் 14 பக்கத்தில் வந்து நின்றேன். அதே கோணல் "வ". அதே குப்புற விழுந்த "க்". அடுத்த பக்கத்திலும் அதன் அடுத்த பக்கத்திலும் நான்தான் இருக்கிறேன், வக்கணையாகப் பேசிக்கொண்டு.

டெல்சி போன் பண்ணினாள். மார்ச்சில் வந்ததும் தனக்கு எந்த வகிடு என்று சொல்லித் தருகிறாளாம்.

பிப்ரவரி 12, புதன்

லேபிள் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். டைரி கையில் இல்லை. சார் மேஜையில் இருக்கிறது.

காலை ஒன்பதரைக்குப் போனேன். நவம்பர் 14 பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். பக்கத்தில் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஒரு குப்பி. பேசினால் வாய் மறுபடியும் டீ சொல்லிவிடும் என்று பேசவில்லை.

சார் பக்கத்தைப் பார்த்தார். குப்பியைப் பார்த்தார். மறுபடி பக்கம்.

"இது நீங்க எழுதினதா?"

"ஆமா சார். லேபிளும் நான்தான். அவர் அது தென்கடல் மீன்னு சொல்ல வந்தார், நான் சொல்ல விடலை. அவர் எழுதவும் இல்லை, ஏமாத்தவும் இல்லை. போன வாரம் நீங்க அவரைத் திட்டினப்போ நான் பக்கத்துலயே நின்னேன் சார். நின்னுட்டு இருந்தேன்."

"முன்னாடி பின்னாடி படிக்கலாமா?"

தலையை ஆட்டினேன். அவர் முதல் பக்கத்துக்குத் திருப்பினபிறகுதான் அதில் என்ன எழுதியிருக்கிறேன் என்று ஞாபகம் வந்தது. என்ன செய்ய முடியும். உட்கார்ந்து படித்தார். நான் நின்றேன். ரொம்ப நேரம் கழித்துத் தலையைத் தூக்கி, "இன்ட்..." என்று ஆரம்பித்து, பாதியில் வாயை மூடிக்கொண்டார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

பிறகு பாரத்தை எடுத்தார். பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்தார், தூளை ஊதினார், கையெழுத்துப் போட்டார். ஸ்பீட் போஸ்ட் கவரை என் கையிலேயே கொடுத்தார். "நீங்களே போய்ப் போட்டுட்டு வாங்க." வாசல் தாண்டுவதற்குள் கூப்பிட்டார். "மெமோ குடுக்காம இருக்க முடியாது பிரிசில்லா. ட்ரான்ஸ்ஃபர் லிஸ்ட் என் கையில இல்லை."

"தெரியும் சார்."

போஸ்ட் ஆபீசில் கூட்டம் இல்லை. ரசீதை இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன்.

டெல்சியிடம் இன்னும் சொல்லவில்லை. கிளமென்ட்டிடம் சொன்னேன். "சாப்பிட்டியா" என்று கேட்டார். அப்போதுதான் அழுகை வந்தது.

பிப்ரவரி 20, வியாழன்

டைரி திரும்ப வந்துவிட்டது. சார் பழுப்புக் கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். மெமோவும் வந்துவிட்டது, அதுவும் பழுப்புக் கவர்தான். லிஸ்டில் என் பெயர் இல்லை. அடுத்த வருஷம் பார்க்கலாமாம்.

இருபத்து நாலு மீனை விட்டுவிட்டுப் புதிதாக எடுக்கலாம் என்று சார் சொன்னார். காலையில் சந்தியாகு அண்ணனோடு வடக்குத் துறைக்குப் போனேன். கான்ட்ராக்ட் ஆர்டர் அவர் கைக்கு வந்துவிட்டது, சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தார், வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

குட்டியானை வந்தது. ஓரா இறங்கியது. நான் கையை விடவில்லை.

"எங்கண்ணே பிடிச்சது?"

"தெக்கால மேடம்."

"மன்னிச்சிருங்கண்ணே" என்றேன். நவம்பரிலேயே சொல்லியிருக்க வேண்டியது.

அவர் மீனை முள் படாமல் தலையோடு பிடித்து நீட்டினார். நான் துடுப்பு நுனியை வெட்டினேன், குப்பியில் போட்டேன், வலது கையால் நிதானமாக லேபிள் எழுதி ஒட்டினேன். பெட்டியில் வைக்கப் போனபோது, "குடுங்க" என்று கையை நீட்டினார்.

வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், எழுத்துக் கூட்டாமல் கடகடவென்று வாசித்தார். "ஓரா. தென்கடல். பிப்ரவரி இருபது. ஏலம் வடக்குத் துறை." ஏலக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக. பிறகுதான் பெட்டியில் வைத்தார்.

தங்கச்சி என்று கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். கூப்பிடவில்லை. நான் எதிர்பார்த்ததுதான் தப்பு.

அடுத்த குப்பிக்கும் கையை நீட்டினார். அதற்கடுத்ததற்கும். வெயில் ஏறிவிட்டது, ஏலம் முடிந்து ஆட்களெல்லாம் போய்விட்டார்கள். முப்பதாவது குப்பியையும் வாசித்து முடித்துவிட்டுத்தான் பெட்டியை மூடினார்.